சுருட்டு அணையும் வரை திட்டலாம்

ஜூன் 12, வியாழன்

காலை ஷிப்ட். ஏழு மாத்திரை அட்டைகளில் தலா ஒரு குழி காலி. திருபுவனை கம்பெனியில் பதினோரு வருஷமாக எனக்கு இதுதான் வேலை, இல்லாத மாத்திரையைக் கண்டுபிடிப்பது. இருக்கிற மாத்திரையைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை.

கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது ரோஸ்லின் போன் செய்தாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்ச். இப்போது வில்லியனூரில் ஒரு தனியார் பள்ளியில் பிரெஞ்சு டீச்சர். பிரெஞ்சுக்கார அம்மாள் ஒருத்தி எங்கள் ஊருக்கு வர ஆசைப்படுகிறாளாம். பெயர் எலோதி, ரிடையர் ஆன சரித்திர டீச்சர். இருநூற்று எழுபது வருஷத்துக்கு முன்னால், பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் பாகூர்ப் பக்கம் அடித்துக்கொண்டு திரிந்த காலத்தில், அவளுடைய முன்னோர் ஒருவன் எங்கள் ஊரில் படையோடு இரண்டு நாள் தங்கியிருக்கிறான். போவதற்குள் ஊரைக் கொளுத்தியிருக்கிறான். அதற்கு மன்னிப்புக் கேட்க வருகிறாள்.

"எங்க ஊரையா?" என்றேன்.

"உங்க ஊரத்தான்டி விஜயராணி. அவன் எழுதின லெட்டர்ல பேரே போட்டிருக்கு."

எனக்கு நாற்பத்து நாலு வயசாகிறது. ஊர் எரிந்த கதையை ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் படையில் ஒருத்தனை நாங்கள் கொன்ற கதை. அதற்கு வருஷாவருஷம் நாங்கள்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பக்கத்துச் சீட்டுக்காரி என்ன தனியாகச் சிரிக்கிறாய் என்று கேட்டாள். சொன்னால் பாதி வழியில் இறங்கிவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

எங்கள் வழக்கத்தை எழுதிக் கொடு, எலோதிக்கு அனுப்ப வேண்டும் என்றாள் ரோஸ்லின். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். நாகரிகமான பகுதியை மட்டும் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.

ஏரிக்கரையில் சொல்தா சாமி இருக்கிறது. சொல்தா என்றால் பிரெஞ்சுப் படைக்காரன். இடுப்பு உயரக் கல், கண் மூக்கு ஒன்றும் கிடையாது. எந்தக் காலத்திலோ யாரோ அதற்கு நீலப் பெயின்ட் அடித்துப் பொத்தான் வரைந்துவிட்டார்கள், அது யூனிபாரம். என் அப்பாவின் முன்னோர் ஒருவர் அவனை மண்வெட்டியால் அடித்துக் கொன்று அங்கே புதைத்தாராம். அதனால் எங்கள் வீட்டுக்கு 'கொன்னவன் வூடு' என்று பெயர். ரேஷன் கார்டில் மட்டும்தான் வேறு முகவரி.

ஆடி கடைசி ஞாயிறு படையல். ஒரு கிடா, ஒரு பாட்டில் பிராந்தி, பேக்கரி ரொட்டி, ஒரு சுருட்டு. எங்கள் வீட்டு மூத்த ஆள் கல்லுக்கு முன்னால் குப்புறப் படுத்து, "நாங்கதான் கொன்னோம், எங்க கைதான், பொறுத்துக்கோ" என்று சொல்ல வேண்டும். பூசாரி சுருட்டைப் பற்றவைத்துக் கல்லின் மேல் வைப்பார். அது அணையும் வரைக்கும் ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து எங்களைத் திட்டலாம். அப்பன், ஆத்தா, ஏழு தலைமுறை, எதுவும் பாக்கி வைக்க வேண்டியதில்லை. வாய் மட்டும், கை கூடாது. அணைந்ததும் பூசாரி தூக்கிவிட்டுத் திருநீறு பூசுவார். கிடாத் தலை எங்கள் வீட்டுக்கு. திட்டினவர்கள் எல்லோரும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

சொல்தாவுக்காகத் திட்டுகிறோம் என்று பெயர்தான். வரப்பு வெட்டினது, கல்யாணத்துக்குக் கூப்பிடாதது, ஏரித் தண்ணீரைத் திருப்பினது எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். யாருக்கு யார் மேல் கோபமோ, திட்டு எங்கள் அப்பா தலையில். முப்பத்தெட்டு வருஷம் படுத்து எழுந்தார். வீட்டுக்கு வந்து மிச்ச பிராந்தியைக் குடித்துவிட்டுத் தூங்குவார்.

சின்ன வயதில் எனக்கு அவமானமாக இருக்கும். 'கொலகார வூட்டுப் பொண்ணு' என்று பிள்ளைகள் கூப்பிடும். முதலில் வந்த சம்பந்தம் இதனாலேயே போனது. என் வீட்டுக்காரர் அரிகரன் திருபுவனைக்காரர், கல்யாணத்துக்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. "அப்ப கிடாத் தலை நமக்கா?" என்று மட்டும் கேட்டார். இன்று வரை வீட்டோடு மாப்பிள்ளை.

ஜூன் 19, வியாழன்

நாகரிகமான பகுதி என்று எடுத்துப் பார்த்தால் ரொட்டி மட்டும்தான் மிஞ்சுகிறது. முழுசையும் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

புகழ்வேந்தன் வந்தான். சித்தப்பா மகன், எனக்கு ஆறு வயசு இளையவன், கோயில் கமிட்டியில் இருக்கிறான். வாசலில் நின்றபடியே சொன்னான். பெரியப்பாவுக்கு ஆண் வாரிசு இல்லை, பெண் பிள்ளை சாமி முன்னால் குப்புறப் படுப்பது வழக்கத்தில் இல்லை, ஆகவே இந்த வருஷம் முதல் அவன் படுத்துக்கொள்கிறான்.

அப்பாவுக்குப் பிறகு இந்தச் சனியன் ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்தவள் நான். அவன் கேட்டதும் நான்தான் படுப்பேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் நானும் ஊரோடு சேர்ந்தவள் ஆகிவிடுவேன். இரண்டு வருஷம் முன்னால், ஆடி கடைசி ஞாயிறு. சுருட்டு அணைந்துவிட்டது. அப்பா எழுந்துகொண்டிருந்தார், ஒரு முழங்கால் தரையில். புகழுக்குச் சாமி பிராந்தி உள்ளே போயிருந்தது, கிணற்று மோட்டார் சண்டை ஒன்று பாதியில் நின்றிருந்தது. இரண்டு கையாலும் அப்பாவைத் தள்ளினான். கல் படியில் இடுப்பு இடித்தது. கூட்டத்தில் நூறு பேர் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி விழுந்தார் என்று கேட்டபோது, தூக்கிக்கொண்டு வந்த ஆறு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள், வழுக்கி விழுந்தார் என்று. புகழும் சொன்னான். அப்பாவும் பேசாமல் இருந்தார். எலும்பு சேரவேயில்லை. அடுத்த தையில் போய்ச் சேர்ந்தார்.

போன வருஷம் துக்க வருஷம், படையல் நடக்கவில்லை. கார்த்திகையில் புயல் வந்து ஊரில் இடுப்பளவு தண்ணீர். சாமியைப் பட்டினி போட்டதால்தான் என்று ஊர் பேசிக்கொண்டது. செத்து இருநூற்று எழுபது வருஷம் ஆனவனிடம் இத்தனை பயம். செத்து ஒன்றரை வருஷம் ஆன என் அப்பாவுக்கு ஒரு வார்த்தை கிடையாது.

எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை. தள்ளினேன் என்று அவன் சொல்ல வேண்டும். கிடாத் தலையை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

அவன் போன பிறகு அம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "சொன்னா இன்னா, அவன் வாயி தேஞ்சா பூடும்?"

ஜூலை 6, ஞாயிறு

ரோஸ்லின் வீட்டுக்கு வந்தாள். எலோதி தன் முன்னோர் எழுதின அந்தக் கடிதத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். ரோஸ்லின் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், ஆகையால் கண்ணீருக்கு என்ன காரணம் என்று நிச்சயமில்லை.

தன் அக்காவுக்கு எழுதியிருக்கிறான் அந்தப் படை அதிகாரி. ஊர்க்காரர்கள் இங்கிலீஷ் படைக்கு நெல் கொடுத்ததாகக் கேள்விப்பட்டானாம். இருந்த நெல்லை அள்ளிக்கொண்டு பதினேழு வீடுகளைக் கொளுத்தினானாம். பதினேழு என்று எண்ணி எழுதியிருக்கிறான், பாவி. ஒரு கிழவி வெளியே வரவில்லையாம். அதையும் எழுதியிருக்கிறான். அடுத்த வரியில் இங்கே கொசு அதிகம் என்று எழுதியிருக்கிறான்.

பிறகு வந்தது அடுத்த பக்கம். ரோஸ்லின் நிறுத்தி என்னைப் பார்த்தாள். மறுநாள் விடியற்காலை அவனுடைய சார்ஜென்ட் சாராயம் குடித்துவிட்டு ஏரிக்கரையில் நடந்தானாம். வழுக்கித் தண்ணீரில் விழுந்து செத்தானாம். ஊர்க்காரர்கள்தான் உடலை வெளியே எடுத்துப் புதைத்தார்களாம். 'கறுப்பர்களாக இருந்தாலும் நல்ல மனிதர்கள்' என்று முடித்திருக்கிறான். இதைப் படித்துத்தான் எலோதி அதிகம் அழுதாளாம்.

அப்படியென்றால் நாங்கள் கொல்லவில்லை.

வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன். முப்பத்தெட்டு வருஷம் அப்பா படுத்தது குடித்துவிட்டு ஏரியில் விழுந்தவனுக்கா? மண்வெட்டி, முன்னோர், எங்க கை, எல்லாம் கட்டுக்கதையா? வீடு பற்றி எரியும்போது ஒருத்தனும் ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை என்ற வெட்கத்தில், நாங்களாவது ஒருத்தனைப் போட்டோம் என்று எவனோ சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். கொலையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டதில் எரிந்ததையே மறந்துவிட்டோம்.

"ஊருக்குச் சொல்லப் போறியா?" என்று கேட்டாள் ரோஸ்லின்.

சொல்வேன். உண்மைக்காக இல்லை. கொலையே இல்லை என்று ஆகிவிட்டால் புகழ் படுக்க இடமில்லை. அதற்காக.

ஜூலை 14, திங்கள்

டவுனில் பிரெஞ்சுக்காரரின் தேசிய தின விழா. ரோஸ்லினைப் போனில் கூப்பிட்டேன், செத்துப்போன அவள் தாத்தாவின் மெடல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள், மாமா குத்திக்கொண்டு போவாராம். தாத்தா சொல்தாவாக வியட்நாமில் இருந்தவர். அங்கே அவர் எதைக் கொளுத்தினார் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

அவளே கூப்பிட்டாள். "குசினியிலதான், சமையல்காரரா இருந்தாராம். எங்க மம்மி சொல்லுது" என்றாள். பிறகு, "எல்லா வூட்டுத் தாத்தாவும் குசினியிலதான்டி இருந்திருக்காங்க. அப்ப சண்ட போட்டது யாரு?" என்றாள். இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம். சிரித்து முடித்தபோது அவள் குரல் நன்றாக இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

எலோதி வந்தாள். ஒல்லியான அம்மாள், முட்டி வரை பருத்திச் சட்டை, மூக்கு முழுக்க வெயில். எங்கள் தெருவின் நடுவில் நின்று ஒரு தாளை எடுத்துப் படித்தாள். படிக்கும்போதே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ரோஸ்லின் தமிழில் சொன்னாள். என் குடும்பத்தின் பெயரால், நடந்த கொடுமைக்காக, உங்கள் முன் தலை குனிகிறேன்.

ஊர் கேட்டுக்கொண்டது. பிறகு அவளுக்கு இளநீர் கொடுத்தது. இரண்டாவது இளநீர் கொடுத்தது. பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தது, மெத்தை போட்டது. தங்கச்சி மகனுக்கு பிரான்சில் வேலை கிடைக்குமா என்று விசாரித்தது. வெள்ளைக்காரி அழுகிறாள் என்று புகழ் டேபிள் ஃபேன் கொண்டுவந்து வைத்தான். நாலு பேர் செல்ஃபி எடுத்தார்கள். கேட்டதற்கு ஒருவர்கூட, மன்னித்தோம் என்றோ மாட்டோம் என்றோ பதில் சொல்லவில்லை.

மாலையில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து எலோதி கேட்டாள், அவர்களுக்கு ஏன் என் மேல் கோபமே இல்லை? ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். வந்து கேட்டுவிட்டாள் இல்லையா, வந்தவளை எப்படித் திட்டுவது என்றேன். அதை மொழிபெயர்த்ததும் மறுபடி அழுதாள். அம்மா மூன்றாவது இளநீரை வெட்டினாள்.

ஜூலை 23, புதன்

எலோதி வில்லியனூரில் ரோஸ்லின் வீட்டில் தங்கியிருக்கிறாள். ஷிப்ட் முடிந்து போனேன். நாடுகள் மன்னிப்புக் கேட்கிற விதத்தை ரோஸ்லின் வழியாக அவள் எனக்கு வகுப்பெடுத்தாள். ஜெர்மன்காரன் முட்டி போட்டுக் கேட்பான், கட்டடம் கட்டி வைப்பான், பள்ளிக்கூடத்தில் பாடம் வைப்பான். ஜப்பான்காரன் கேட்பான், அடுத்து வருகிறவன் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் பார்ப்பான். இங்கிலீஷ்காரன் வருந்துவான், மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது. அவள் நாட்டில் அல்ஜீரியாவில் செய்ததற்கு எந்த வார்த்தை போடுவது என்று அறுபது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

எங்கள் ஆட்கள் எப்படி என்று கேட்டாள். நாங்கள் ஒன்றும் செய்வதில்லை, எங்களுக்குத்தான் எல்லாரும் செய்தார்கள் என்றேன். சொல்லிவிட்டு நானே யோசித்தேன். எங்கள் தெருவுக்கும் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெருவுக்கும் நடுவில் நடந்ததையெல்லாம் எழுதினால் இந்த நோட்டு போதாது. அவர்கள் வந்து எங்களைத் திட்ட எந்த ஞாயிறும் ஒதுக்கவில்லை.

அவளுக்கு என் அப்பா விழுந்த கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும் ஒன்றுதான் கேட்டாள், தள்ளினவர் எங்கே இருக்கிறார் என்று. உனக்கு ஃபேன் வைத்தானே, அவன்தான் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சொல்தா சாமி எதிரே வேப்பமரத்தடியில் கூட்டம். யார் படுப்பது என்று முடிவு செய்ய. பூசாரி தமிழ்க்குமரன் நடுவில். முதலில் கடிதத்தைப் படிக்கட்டும் என்று நான் சொன்னேன். ரோஸ்லின் படித்தாள். எலோதி பக்கத்தில் நின்றாள்.

பதினேழு வீடு என்றதும் ஒருத்தர் விரல் விட்டு எண்ணினார். கிழவி வெளியே வரவில்லை என்றதும் பெண்கள் பக்கம் ஒரு முனகல். எந்தத் தெரு, எந்த வீடு என்று கேட்டார்கள். அது தெரியாது.

பிறகு சார்ஜென்ட் வழுக்கி விழுந்த பக்கம். முடிப்பதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் எதிர்பார்த்தது, ஐயோ அப்படியா, அப்போ பாவம் இல்லையே என்று ஒரு பெருமூச்சு. ஊருக்கு வந்தது கோபம். எங்கள் கொலையை எங்களிடமிருந்து பிடுங்க வந்த லெட்டர் அது. பொய் என்றார்கள். ஒரு கறுப்பன் மண்வெட்டியால் போட்டான் என்று எந்த வெள்ளைக்காரன் அக்காவுக்கு எழுதுவான், மானம் போகாதா என்றார்கள். யோசித்துப் பார்த்தால் அதிலும் ஞாயம் இருக்கிறது. எலோதியே தலையாட்டினாள், இருக்கலாம் என்று. பதினேழு வீட்டை நம்புகிறீர்கள், அதே லெட்டரில் இதை மட்டும் ஏன் நம்பவில்லை என்று ரோஸ்லின் கேட்டாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினது புகழ். படுக்கிற உரிமை கையை விட்டுப் போகிறது இல்லையா. கல்லைக் காட்டிச் சொன்னான்.

"வழுக்கி வுழுந்தானாம்! காலங்காலமா எவன் மாட்னாலும் இதயேதான் சொல்றானுங்கோ. தள்றதுக்கு ஒரு ஆளு இல்லாம எவன்பா வுழுவான்?"

சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தான், ஆமாம் என்று யாராவது சொல்வார்கள் என்று. யாரும் சொல்லவில்லை. அன்றைக்குத் தூக்கிக்கொண்டு போன ஆறு பேரில் நாலு பேர் அங்கே இருந்தார்கள். ஒருத்தர் செருப்பைப் பார்த்தார். ஒருத்தர் ஏரியைப் பார்த்தார். பூசாரி சாமியைப் பார்த்தார்.

"அதத்தான் புகழு நானும் ரெண்டு வருஷமா கேட்டுக்கினு இருக்கேன்" என்றேன்.

கத்தவேண்டும் என்று நினைத்துவைத்திருந்தேன். குரல் எழும்பவேயில்லை. அவன் முகம் என்ன ஆனது என்று பார்க்கவும் முடியவில்லை, கண் மறைத்துவிட்டது. இன்று வெங்காயம் இல்லை.

பூசாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த வருஷம் விஜயராணி படுக்கட்டும் என்றார். யாரும் மறுக்கவில்லை. புகழ் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஸ்டார்ட் ஆக மூன்று உதை தேவைப்பட்டது.

ஜூலை 31, வியாழன்

எரிந்த பதினேழு வீட்டில் எங்கள் வீடும் ஒன்று என்று இதுவரை முப்பத்தொரு வீட்டுக்காரர்கள் பூசாரியிடம் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கிழவி எங்கள் கிழவிதான் என்று நாலு பேர். போன மாதம் வரைக்கும் தீ என்றால் அடுப்பு மட்டும்தான் தெரிந்த ஊர்.

ஆகஸ்ட் 9, சனி

நாளைக்குக் குப்புறப் படுக்க எந்தப் புடவை என்று அம்மாவும் அரிகரனும் சண்டை. மண்ணு நிறம் என்கிறார் அவர்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

படுத்தேன்.

கீழே படுத்தால் கால்கள் மட்டும்தான் தெரியும். இத்தனை வருஷம் அப்பா இந்த ஊரைக் கால் விரலை வைத்துத்தான் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது, மண்ணுக்குள் அழுதுகொண்டேன்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன், கொஞ்சம் மாற்றி. "நாங்க கொன்னமோ இல்லையோ எனக்குத் தெரியாது. கொன்னிருந்தா பொறுத்துக்கோ. நீ எங்க பதினேழு வூட்டக் கொளுத்தினதையும் நாங்க மறக்கல." மறந்திருந்தோம். ஆனால் சாமியிடம் அதையெல்லாமா சொல்ல முடியும்?

பூசாரி சுருட்டைப் பற்றவைத்ததும் பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். எலோதி படுத்திருந்தாள். முதல் நாளே கேட்டிருக்கிறாள் பூசாரியிடம். கொன்னவன் வீட்டுக்காரி படுக்கலாம் என்றால் கொளுத்தினவன் வீட்டுக்காரி படுக்கக் கூடாதா? வழக்கத்தில் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, என்னையே படுக்க விட்டவர்தானே.

திட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு வந்தது வழக்கமான சரக்கு. எலோதியைத் திட்ட முதலில் யாருக்கும் வாய் வரவில்லை. அம்மா வந்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் திட்டக் கூடாது, புருஷன் வாங்கும்போது தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் கேட்டவள். எலோதி எங்கள் வீடு இல்லையே. அம்மா காசம்மாள் வாய் திறந்தாள்.

"வூட்ட கொளுத்திட்டு கொசு கடிச்சிதுன்னு லெட்டரு எழுதினியாடி? பொத்தின வாயோட உள்ள கெடந்து வெந்தாளே அந்தக் கெழவி, அவளுக்கு எத்தினி கொசு கடிச்சிருக்கும்?"

இது ஆரம்பம்தான். மீதியை எழுத இந்த நோட்டு நாணும். ரோஸ்லின் குனிந்து எலோதி காதில் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தாள், சில இடங்களில் திணறினாள். ஒவ்வொன்றுக்கும் எலோதி "மெர்சி, மெர்சி" என்றாள். "இன்னாது இது, திட்டத் திட்ட நன்றி சொல்லுது" என்று அம்மா மூச்சு வாங்கினாள். அதன் பிறகு ஊர் மொத்தமும் வந்தது. முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் வந்தார்கள். ரோஸ்லின் குரல் கம்மிவிட்டது.

கடைசியில் இரண்டு கால்கள் வந்து என் தலைக்கு எதிரே நின்றன. வலது கட்டைவிரலில் நகம் இல்லை, மோட்டார் விழுந்து போனது. புகழ். திட்டுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. கால்கள் நின்றுகொண்டே இருந்தன. விரல்கள் மண்ணில் அழுந்துவது தெரிந்தது. சுருட்டு அணைந்துவிட்டது என்று பூசாரி குரல் கொடுத்தார். கால்கள் திரும்பிப் போயின.

சாப்பாட்டுக்கு அவன் உட்காரவில்லை. எலோதி கிடாக்கறி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இப்படித் தூக்கம் வந்து பல மாதம் ஆகிறது என்றாளாம்.

ஆகஸ்ட் 13, புதன்

எலோதி ஊருக்குக் கிளம்பினாள். அவள் ஊரிலும் இப்படி ஒரு ஞாயிறு வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கப் போகிறாளாம். சுருட்டுக்கு அங்கே பொது இடத்தில் தடை இருக்குமே என்று ரோஸ்லினுக்குக் கவலை. ரோஸ்லின் அவள் மம்மியிடம் தாத்தா பற்றி மறுபடி கேட்டிருக்கிறாள். குசினி இல்லையாம். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை ஷிப்ட். மூன்று அட்டைதான் சிக்கியது. வீட்டுக்கு வந்ததும் அம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

காலையில் புகழ் வந்தானாம். நாற்காலி போட்டதற்கு வேண்டாமென்று தரையில் உட்கார்ந்தானாம். பிறகு, "பெரிம்மா, பெரிப்பா வழுக்கி வுழல" என்றானாம்.

"நீ இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"தெரியும்டான்னேன். அப்புறம் புடிச்சிக்கினேன். அந்த வெள்ளக்காரிய திட்னது கம்மி."

அரை மணி நேரம் தலை குனிந்து கேட்டிருக்கிறான். எழுந்து போகும்போது, அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றிருக்கிறான். அதற்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "என்னான்ட சொன்னது எனக்கு. அவளுக்கு உண்டானத அவகிட்ட நீயே வந்து சொல்லு, மூணு மணிக்கு மேல இருப்பா" என்று அனுப்பிவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. இரண்டு வருஷமாக வார்த்தை சேர்த்துவைத்திருக்கிறேன் நான். முதல் ஆளாக அம்மா திட்டிவிட்டாள்.

இப்போது மூன்றரை. வாசலில் பைக் வந்து நின்று பத்து நிமிஷம் ஆகிறது. உள்ளே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், குழாயடிக் கல்லில் உட்கார்ந்து கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அம்மா என்னை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். இதை எழுதி முடித்துவிட்டுத்தான் போவேன்.

வீட்டில் சுருட்டு ஏதாவது கிடக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். இல்லை என்றாள். அப்படியானால் நேரத்துக்கு அளவு கிடையாது.

மூன்று டம்ளர் காபி போடச் சொல்லியிருக்கிறேன்.